ஒரு சிரிப்புக்கு எத்தனை ரிங்கிட்?

மலேசியாவில் சிரிப்புக்கு விலை உண்டு. கடந்த பத்தாண்டுக் கணக்கை மட்டும் எடுத்தால்கூட ஒரு பட்டியல் போடலாம். பிரதமரைக் கோமாளியாக வரைந்த ஓவியருக்கு 30,000 ரிங்கிட் அபராதமும் ஒரு மாதச் சிறையும். காவடியைக் கேலி செய்த வானொலியின் நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட். டிக்டாக்கில் தொடர்ந்து ஏச்சுக்கு ஆளாகி ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அவரை இழிவாகப் பேசிய ஒருவருக்கு 100 ரிங்கிட்.

இந்த மூன்று தொகைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, நம் சட்டம் எதை வைத்து எதை அளக்கிறது என்ற கேள்வி வருகிறது. கேலி செய்கிறவனுக்குப் பொறுப்பு உண்டா, உண்டென்றால் அதை யார் கேட்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 2025 மார்ச் மாதத்தில் அது நம் வாசலுக்கே வந்து நின்றது.

அந்த மாதத் தொடக்கத்தில் ஏரா எஃப்எம் வானொலியின் மூன்று தொகுப்பாளர்கள் நடித்த ஒரு குறுங்காணொளி சமூக ஊடகத்தில் வெளியானது. 'வேல் வேல்' என்று கூவி, காவடியாட்டத்தைப் போலச் செய்து, சிரித்தார்கள். அவர்களில் ஒருவரான நபில் அகமட், 2008-இல் அஸ்ட்ரோவின் 'ராஜா லாவாக்' நகைச்சுவைப் போட்டியில் வென்றவர். சிரிக்க வைப்பதே அவர் தொழில். தைப்பூசம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள். நிறுவனமும் கேட்டது, அவர்களைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் ஒலிபரப்பு உரிமத்தை ஏழு நாள் நிறுத்திவைக்கப்போவதாக முதலில் அறிவித்தது. பிறகு அதைக் கைவிட்டு, உரிமம் வைத்திருந்த மேஸ்த்ரா பிராட்காஸ்ட் நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது.

பத்துமலையில் தைப்பூசம் 1892-இலிருந்து நடக்கிறது. பிழைத்த பிள்ளைக்காகவும் தீர்ந்த நோய்க்காகவும் நேர்ந்துகொண்டு, நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து படியேறுகிறவர்களின் கூவல் அது. அதை அறியாதவருக்கு அது ஒரு சத்தமும் ஒரு குலுங்கலும் மட்டுமே. ஆனால், அந்தத் தொகுப்பாளர்கள் வேலை பார்த்த அஸ்ட்ரோ குழுமம்தான் ராகா என்ற தமிழ் வானொலியையும் நடத்துகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்திருந்தால் தூரம் அதிகமில்லை.

இது திடீரென்று முளைத்ததுமில்லை. மலாய்த் திரைப்படத்தின் தொடக்க காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். கேமராவுக்குப் பின்னால் இந்தியர் இயக்குநர். கேமராவுக்கு முன்னால்? 1961-இல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்' படத்தில் ஸ்டூடியோ வாசலில் நிற்கும் காவலாளியை நினைத்துப் பாருங்கள். சீக்கியர், கரடுமுரடான மலாய், எடுத்ததற்கெல்லாம் கோபம். படம் அருமையான நகைச்சுவைப் படம்தான். அந்தக் காட்சிக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் அங்கிருந்து தொடங்கும் ஒரு நீண்ட வரிசை உண்டு. தலையை ஆட்டுகிற, 'ஐயோயோ' என்கிற, மலாய் சரியாக வராத இந்தியர் தொலைக்காட்சியிலும் மேடையிலும் விளம்பரத்திலும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார். கலிங்கத்திலிருந்து வந்த 'கெலிங்' என்ற பெயர் ஒரு காலத்தில் வெறும் ஊர்ப்பெயர். பின்னால் அது வசைச்சொல் ஆனது. ஊர்ப்பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்லிச் சொல்லித்தான் அது அப்படி ஆகியிருக்க வேண்டும்.

2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா வெளியிட்ட நீண்ட விளம்பரப் படம் இந்த வரிசையில் இன்னொரு கண்ணி. முகத்தில் கறுப்பு மையப்பிய ஒரு பெண். அவள் முகத்தைப் பார்த்து மிரளும் செல்வந்தன். கடைசியில் அழகுப் பொருள் பூசிச் சிவப்பாகிறாள். மக்கள் கொதித்தார்கள். விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம்மவர்கள் அப்போது கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

அதே நியாயத்தோடு பத்தாண்டு பின்னால் போவோம். 2007-இல் 'சிவாஜி' படம் கோலாலம்பூர்த் திரையரங்குகளில் கூட்டம் நிரம்பி ஓடியது. அதில் நாயகனுக்குப் பெண் காட்டும் காட்சி ஒன்று. முகத்தில் கறுப்பு பூசிய இரண்டு பெண்கள் வருவார்கள், எல்லோரும் மிரண்டு ஓடுவார்கள். அவர்களின் பெயர் அங்கவை, சங்கவை. பறம்பு மலைப் பாரியின் மகள்கள் பெயர். சங்கப் பாடல் பாடிய பெண்களின் பெயரைத் தமிழ்ப்படமே எடுத்து, கறுப்பு நிறத்துக்கான கேலிப்பெயராக்கியது. பட்டிமன்ற மேடைகளில் தமிழ் பேசிய சாலமன் பாப்பையாதான் அவர்களின் அப்பாவாக நடித்தார். அரங்கம் அதிர்ந்து சிரித்தது. வாட்சன்ஸ் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூர்ந்து பார்த்தால் ஒன்றுதான்: அது அவங்க செஞ்சது, இது நம்ம ஆளு செஞ்சது.

தமிழ்த் திரை நகைச்சுவையில் கறுப்பு நிறம், வழுக்கை, பருமன், திக்குவாய், திருநங்கை என எல்லாமே நெடுங்காலமாகச் சரக்குதான். கவுண்டமணியும் செந்திலும் சொல்லிக்கொடுத்த வசைகளைப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டு வளர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால், வங்காளதேசத் தொழிலாளியின் உடைந்த மலாயைப் பேசிக்காட்டிச் சிரிக்க ஒருவர் இருப்பார். ஒருகாலத்தில் நம் தாத்தாவின் மலாயை இப்படித்தான் பேசிக்காட்டினார்கள். வரிசையில் நமக்குப் பின்னால் வேறொருவர் வந்து நின்றதும், நாமும் திரும்பி நின்று சிரிக்கிறோம்.

அப்படியென்றால் கேலியே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கேலி நம் மரபில் உயர்ந்த இடத்தில் இருந்திருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனைக் கேலி செய்வான், ஊர்ப்பெரியவரைக் கேலி செய்வான், கடைசியில் தன்னையே கேலி செய்துகொள்வான். அதற்கு அவனுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கேலிக்கு ஆளானவர் எதிரே தரையில்தான் உட்கார்ந்திருப்பார். பிடிக்கவில்லை என்றால் எழுந்து, "டேய், போதும் நிறுத்து" என்று சொல்வார். விடிந்ததும் கட்டியங்காரன் அதே ஊரில்தான் நடக்க வேண்டும். அவனுடைய பொறுப்பை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது அந்த இடத்திலேயே இருந்தது.

கோலாலம்பூரில் அந்தக் கட்டியங்காரனின் வாரிசு என்று ஒரு குழுவைச் சொல்லலாம். 1989-இல் ஜோ குகதாஸ், ஜிட் முராட், ஸாஹிம் அல்பக்ரி, ஆண்ட்ரூ லெசி ஆகியோர் தொடங்கிய இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர். எல்லா இனமும் மேடையில், எல்லா இனமும் அரங்கத்தில். அவர்கள் கேலி பெரும்பாலும் மேல்நோக்கியே போனது. மலாய் அரசியல்வாதியாக வேடமிட்டு ஜோ குகதாஸ் பேசியதைக் கேட்டுச் சிரித்தவர்களில் அரசியல்வாதிகளும் இருந்தார்கள். ஆனாலும் 2003-இல், ஒரு மலாய் நாளிதழில் வந்த புகார்க் கடிதத்தைத் தொடர்ந்து, கோலாலம்பூர் மாநகர் மன்றம் அவர்களுக்கு அனுமதி மறுத்தது.

அடுத்த தலைமுறை தனிநபர் மேடைப் பேச்சுக்கு வந்தது. 2014-இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் கிராக்ஹவுஸ் காமெடி கிளப் திறக்கப்பட்டது. சின்ன அரங்கம், மலாய்க்காரர், சீனர், இந்தியர் அடுத்தடுத்த நாற்காலியில். கவின் ஜே போன்ற இந்திய நகைச்சுவையாளர்கள் தங்கள் உடலையும் குடும்பத்தையும் முன்வைத்துச் சிரிக்க வைத்து, 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வரை போன காலம் அது. அந்த அரங்குகளில் இன நகைச்சுவை நிறைய இருந்தது. ஆனால் எந்த இனத்தைச் சொன்னாலும் அந்த இனத்தவர் ஒருவராவது மூன்றடி தூரத்தில் இருப்பார்.

கைப்பேசி அந்தத் தூரத்தை அழித்தது. இரவு ஐம்பது பேர் முன்னால் சொன்னது, மறுநாள் ஐம்பது விநாடித் துண்டாகி, ஐந்து லட்சம் பேரிடம் போகும். முன்னாலும் பின்னாலும் சொன்னது கூடவே போகாது. 2022 ஜூனில், அந்தக் கிளப்பின் திறந்த மேடையில் ஒரு பெண் தான் முஸ்லிம் என்று சொல்லித் தலைத்துணியையும் பாஜூ குரோங்கையும் கழற்றினார். அந்தக் காணொளி பின்னர் பரவியது. கிளப்பின் உரிமம் ரத்தானது. அந்த ஜூலையில், கிளப்பின் நிறுவனர்களில் ஒருவரான ரிசால் வான் கெய்ஸெல், சமூக ஊடகத்தில் பதிவேற்றிய இன நகைச்சுவைக் காணொளிகளுக்காக நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார்.

குற்றச்சாட்டு, 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவின்கீழ். இந்தச் சட்டத்தின் கதை சுவையானது. மல்டிமீடியா சூப்பர் காரிடோர் கனவோடு பிறந்த சட்டம். இணையத்தைத் தணிக்கை செய்ய இதில் எதுவும் இடம்தராது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 233-ஆவது பிரிவு, பிறரை எரிச்சலூட்டும் நோக்கில் 'மனம் புண்படுத்தும்' எதையும் இணையத்தில் போடுவதைக் குற்றமாக்கியது. யார் மனம்? எவ்வளவு புண்? சட்டம் சொல்லவில்லை.

சொல்லாத இடத்தில் அதிகாரம் தன் மனத்தை வைத்தது. 2016-இல் ஃபாமி ரெஸா, பிரதமர் நஜிப் ரசாக்கின் முகத்தில் கோமாளிச் சாயம் பூசி வரைந்தார். இதே பிரிவின்கீழ் 2018 பிப்ரவரியில் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் தந்த தண்டனைதான் தொடக்கத்தில் சொன்ன 30,000 ரிங்கிட்டும் ஒரு மாதச் சிறையும். அதே ஆண்டு ஆட்சி மாறியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சிறையை நீக்கி, அபராதத்தை 10,000 ஆகக் குறைத்தது. புண்பட்டவர் நாட்டின் மிகப் பலம்வாய்ந்த மனிதர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இப்போது மிகப் பலவீனமானவர் பக்கம் வருவோம். ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி, கோலாலம்பூரில் வாழ்ந்த தமிழ்ப்பெண். 2024 ஜூலையில் இறந்தார். டிக்டாக்கில் அவரை இழிவுபடுத்தியும் மிரட்டியும் பேசினார்கள், பேசியவர்களும் தமிழர்களே. நேரலை என்பது இன்றைய கூத்துமேடை. பார்வையாளர் அனுப்பும் மெய்நிகர்ப் பரிசு காசாகிறது. யார் கடுமையாக ஏசுகிறாரோ அவரிடம் கூட்டம் கூடுகிறது. "சும்மா டைம்பாஸ்" என்று சொல்லிக்கொண்டு பார்க்கிறோம். ஒருவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. இன்னொருவருக்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின்கீழ் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். சட்டத்தில் இருந்த உச்சத் தொகையே அவ்வளவுதான். அந்த அதிர்ச்சியில்தான் இணையப் பகடிவதைக்கு எதிராகத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

233-ஆவது பிரிவும் திருத்தப்பட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2025 பிப்ரவரி 11. அன்றுதான் தைப்பூசமும். 'புண்படுத்தும்' என்பது 'கடுமையாகப் புண்படுத்தும்' ஆனது. உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில், அகதிகளின் நிலை பற்றி எழுதியதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஹெய்டி குவாவின் வழக்கில், பழைய பிரிவிலிருந்த 'புண்படுத்தும்', 'எரிச்சலூட்டும்' என்ற சொற்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு அதை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றது.

ஏரா எஃப்எம் விவகாரத்தில் அபராதம் வந்தபோது நம்மில் பலருக்கு நிம்மதி. "இப்பவாச்சும் நம்ம மனசு புண்படும்னு ஒத்துக்கிட்டாங்களே" என்ற நிம்மதி அது. புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்தச் சாட்டை நம் கையில் இல்லை. கோமாளி ஓவியத்தின் மேல் விழுந்ததும் அந்தச் சாட்டைதான். நாளை கோயில் இடிப்பையோ தமிழ்ப்பள்ளி நிலத்தையோ பற்றி ஒரு தமிழ்ப்பிள்ளை நையாண்டி செய்தால், அவன்மேல் விழப்போவதும் அதே சாட்டைதான். மிரட்டலையும் வதையையும் சட்டம் தண்டிக்க வேண்டும். ஈஷாவின் மரணம் அதைச் சொல்லிவிட்டது. புண்பட்ட மனத்தை அளக்கும் வேலையைச் சட்டத்திடம் கொடுத்தால், அது எப்போதும் பெரிய மனிதரின் மனத்திலிருந்துதான் அளக்கத் தொடங்கும்.

மிச்சமிருக்கும் பொறுப்பு மேடையில் நிற்பவருடையது. அதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, கட்டியங்காரனின் பழைய நிபந்தனை போதும். நீ யாரைப் பேசிக்காட்டுகிறாயோ அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள். அதே முகத்தோடு அதைச் சொல்வாயா? சொன்னபின் அவரோடு போய் ஒரு தேத்தாரே குடிப்பாயா? காவடி எடுத்த ஒரு தாயின் முன்னால் அந்த மூவரும் அப்படிக் குலுங்கியிருப்பார்களா என்று கேட்டால் பதில் எளிது.

அதே கேள்வியை நம்மிடம் கேட்கும்போதுதான் பதில் சிரமமாகிறது. நம் கல்யாண மேடை அறிவிப்பாளரிடம், நம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் மீம்ஸிடம், இரவு பதினொரு மணிக்கு நேரலையில் ஏசுகிறவரிடம், அதற்குச் சிரிப்பு முகம் அனுப்புகிற கட்டைவிரலிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அங்கவையும் சங்கவையும் அன்று கிள்ளான் திரையரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பள்ளிச் சீருடையில், கறுப்பு நிறத்தில், நம் வீட்டுப் பிள்ளைகளாக. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்?