‘நான் விவசாயி இல்லை’ என்று பெயர் வைத்துக்கொண்ட போட்டோகிராஃபர்

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க போன் கேலரியைத் திறந்து, கடைசியா யாராவது உங்களை எடுத்த போட்டோவைப் பாருங்க. சிரிச்சிருக்கீங்களா? அநேகமா ஆமாம். இன்னிக்கு நான் சொல்லப்போற போட்டோக்கள்ல முக்கால்வாசிப் பேர் சிரிக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர். சுத்துவட்டாரம் முழுக்க விவசாயம். 1914-ல் அங்கே வந்து குடியேறினவர் மைக் மையர். 1884-ல் ஒரு ஜெர்மன் வம்சாவளிக் குடும்பத்துல பிறந்தவர். கொஞ்ச காலத்துல ஊருக்கு அவர்தான் போட்டோகிராஃபர்.

1939-ல் அவர் ஒரு காரியம் செஞ்சார். சட்டப்படி தன் பெயரை மைக் டிஸ்ஃபார்மர்னு மாத்திக்கிட்டார். ‘மையர்’னா ஜெர்மன்ல விவசாயின்னு அவர் எண்ணம். ‘டிஸ்’ சேர்த்தா, விவசாயி அல்லாதவன். அதோட விடலை. சின்ன வயசுல ஒரு சூறாவளி தன்னைத் தூக்கிட்டு வந்து இந்தக் குடும்பத்துல போட்டுட்டதுன்னும், இவங்க தன் சொந்தக்காரங்களே இல்லைன்னும் சொல்லிட்டிருந்தார்.

இப்படி ஊரோட ஒட்டாத மனுஷன்கிட்டதான் ஊர் மொத்தமும் போட்டோ எடுத்துக்க வந்தது. விலை சில்லறைக் காசுதான். ஸ்டூடியோவுல வடக்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். அந்த வெளிச்சம் நேரா வெயிலா விழாது, நாள் முழுக்க ஒரே சீரா இருக்கும். பின்னால வெறும் திரை. சில படங்கள்ல வெள்ளைத் திரைமேல கறுப்புக் கோடுகள் அப்படியே தெரியும். அதை மறைக்கணும்னு அவருக்குத் தோணலை. வேற ஊர்கள்ல ஃபிலிம் வந்து ரொம்ப நாள் ஆனப்புறமும் இவர் கண்ணாடி நெகட்டிவ்லயே எடுத்தார்.

வந்தவங்க ஓவரால்ஸ் போட்ட அப்பாக்கள், தோளோடு தோள் நிக்கற அண்ணன் தம்பிகள், இரண்டாம் உலகப்போருக்குப் போற பையன்கள். யூனிஃபார்ம்ல நிக்கற ஒரு பையன், பக்கத்துல அவனைப் பெத்தவங்க. கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம தொங்கவிட்டிருப்பாங்க. இது கடைசி போட்டோவா இருக்கலாம்னு அந்த அறையில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். முகத்துல ஒப்பனை இல்லாத அந்த நிமிஷம்தான் படத்துல நிக்குது. தன்னைப் பத்தி அவ்வளவு பெரிய கதை கட்டினவர், அடுத்தவங்க முகத்துல எந்தக் கதையும் கட்டலை.

கல்யாணம் பண்ணிக்கலை. ஸ்டூடியோவுலயே வாழ்ந்து 1959-ல் அங்கேயே இறந்தார். உள்ளூர்க்காரர் ஒருத்தர் ஸ்டூடியோவுல இருந்த சாமான்களை 5 டாலருக்கு வாங்கினார். அதுல சுமார் 3,000 கண்ணாடி நெகட்டிவ்கள். வருஷக்கணக்கா அவை சும்மாவே கிடந்தன. 1970-களில் அந்த ஊர்ல பத்திரிகை நடத்தின பீட்டர் மில்லர் அதை மீட்டு, ‘மாடர்ன் ஃபோட்டோகிராஃபி’ இதழ் ஆசிரியர் ஜூலியா ஸ்கல்லிக்கு அனுப்பினார். 1976-ல் புத்தகம் வந்தது. பிறகு மியூசியம், கேலரி, நியூயார்க். 2000-களில் சேகரிப்பாளர்கள் ஹீபர் ஸ்பிரிங்ஸுக்கே போய், வீட்டு ஆல்பங்கள்ல இருந்த பழைய பிரிண்டுகளைக் காசு கொடுத்து வாங்கினாங்க.

எனக்கு உறுத்தறது இந்த இடம்தான். ஆல்பத்துல இருந்தவரை அது ‘எங்க தாத்தா, போருக்குப் போறதுக்கு முந்தின வாரம்’. கேலரி சுவர்ல ஏறினதும் அது ‘ஒரு டிஸ்ஃபார்மர்’. எடுத்தவர் பெயர் நிலைச்சுட்டது, நின்னவர் பெயர் பல படங்கள்ல காணாமப் போச்சு. இதுல இன்னொரு வேடிக்கை: அவர் சொந்தமே இல்லைன்னு சொன்ன குடும்பத்தோட வாரிசுகள், அந்தப் படங்களோட உரிமை தங்களுக்குத்தான்னு சமீப வருஷங்கள்ல கோர்ட்டுக்குப் போயிருக்காங்க.

படங்களை விக்காதீங்கன்னு அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் காசு அவங்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஆனா நாம ஒண்ணு செய்யலாம். இந்த வாரம் வீட்டுல இருக்கற பெரியவங்ககூட உட்கார்ந்து, பழைய ஆல்பத்துல யார் யாருன்னு கேளுங்க. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் பென்சில்ல பெயரை எழுதி வைங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.