கல்பாக்கத்துக்கு முந்தைய நாலு வருஷம்

1967-க்கும் 1971-க்கும் நடுவே என்ன நடந்தது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது 2025 மே மாதம். இந்திய அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம். ஆர். சீனிவாசன் அந்த மாதம் 20ஆம் தேதி, தமது 95ஆம் வயதில், உதகமண்டலத்தில் காலமானார். மறுநாள் வந்த செய்திகள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் சொல்லின. 1955இல் அணுசக்தித் துறையில் சேர்ந்தார். 1959இல் தாராப்பூர் நிலையத்தின் முதன்மைத் திட்டப் பொறியாளர். 1967இல் கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் தலைமைத் திட்டப் பொறியாளர். 1974இல் மின்திட்டப் பொறியியல் பிரிவின் இயக்குநர். 1984இல் அணுமின் வாரியத் தலைவர். 1987இல் ஆணையத் தலைவர்.

தாம்பரத்தில் இருப்பவனுக்குக் கல்பாக்கம் பக்கத்து ஊர் மாதிரி. தெற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தத் தெருவில் விசாரித்தாலும் அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சொல்வார்கள். ஆனாலும் அந்த நிலையம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் 1983இல் இந்திரா காந்தி வந்து திறந்துவைத்ததைத்தான் சொல்வார்கள்.

நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் சீனிவாசனின் பதவிகள், வலப்பக்கம் உலைகளின் தேதிகள். சர்வதேச அணுசக்தி முகமையின் உலைப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. கல்பாக்கம் முதல் அலகின் கட்டுமானம் தொடங்கியது 1971 ஜனவரி என்கிறது அது. தலைமைத் திட்டப் பொறியாளர் நியமனமோ 1967. கட்டுமானமே தொடங்காத திட்டத்துக்கு நாலு வருஷம் ஒரு தலைமைப் பொறியாளர்!

தாராப்பூரையும் அதேபோல எழுதிப் பார்த்தேன். நியமனம் 1959, கட்டுமானத் தொடக்கம் 1964 அக்டோபர். அங்கேயும் ஐந்து வருஷ இடைவெளி. அந்த இடைவெளியில் நடந்தவை பதிவாகியிருக்கின்றன: உலக அளவில் டெண்டர் கோரி, வந்த விலைப்புள்ளிகளை அலசி, 1963இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டு, 1964இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தார்கள். தாராப்பூர் 1969இல் மின்சாரம் கொடுத்தபோது சீனிவாசன் கல்பாக்கத்துக்கு மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் பிறக்காத ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். உருவம் பிடித்ததும் அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவருடைய பணி வாழ்க்கை முழுக்க இப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தேடலில் ஒரு சிக்கலும் உண்டு. அதே காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் மகாதேவ சீனிவாசன் என்ற நியூட்ரான் இயற்பியலாளர் இருந்தார். பழைய குறிப்புகளில் ‘எம். சீனிவாசன்’ என்று வந்தால் எவர் என்று முடிவு செய்யாமல் நகரக்கூடாது. நம்மவர் மாலூர் ராமசாமி சீனிவாசன். பெங்களூரில் பிறந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் எரிவாயுச் சுழலி பற்றி ஆய்வு செய்து 1954இல் டாக்டர் பட்டம் வாங்கிய இயந்திரப் பொறியாளர். கட்டுரைப் பொருள் உலையின் உள்ளே நியூட்ரான் கணக்காக இருந்தால் அது மற்றவர். ஆலை, விலை, ஒப்பந்தம், கால அட்டவணை என்றால் இவர்.

தரமணி ரோஜா முத்தையா நூலகம் எனக்கு வேளச்சேரி வழியாக ஒரு பஸ் தூரம். அங்கே பழைய இதழ்களைப் புரட்டினால் விழாச் செய்தி கிடைக்கும், அமைச்சர் பேச்சு கிடைக்கும். எந்த உதிரிபாகத்துக்கு யாரிடம் ஆர்டர் போனது என்பது இதழ்களுக்குச் செய்தியாகப் படுவதில்லை. ஆனால் அந்த நாலு வருஷத்தின் சாரமே அதுதான். ராஜஸ்தானில் முதல் உலையை வடிவமைத்துக் கொடுத்தது கனடா. கல்பாக்கத்தில் பொறுப்பு முழுவதும் நம்முடையது. ராஜஸ்தான் வரைபடத்தைக் கடற்கரைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அலையும் மணலும் அடைக்காத இடத்திலிருந்து அதை எடுக்க வேண்டும். இன்றும் கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் நீளும் பாலமும் அதன் முனையில் நிற்கும் நீரெடுப்புக் கட்டடமும் தெரியும். அங்கிருந்து கடலடிப் பாறைக்குள் குடைந்த ஏறத்தாழ அரை கிலோமீட்டர் சுரங்கம் வழியாக நீர் கரைக்கு வருகிறது. உலையின் மையக் கலமான கலாண்ட்ரியாவைச் செய்ய எல் அண்ட் டி போன்ற நம் தொழிற்சாலைகளைத் தயார்படுத்த வேண்டும். அதுவரை அவர்கள் அந்த நுட்பத்துக்குப் பழகியவர்கள் அல்லர்.

அந்த முன்யோசனையின் மதிப்பு 1974இல் தெரிந்தது. மே 18இல் பொக்ரான் சோதனை. கனடா உதவியை நிறுத்தியது. அதே ஆண்டில்தான் சீனிவாசன் எல்லா மின்திட்டங்களுக்கும் இயக்குநரானார். வெளியிலிருந்து வரவேண்டியது வராமல் போனது; உள்ளே கனநீருக்குத் தட்டுப்பாடு. கல்பாக்கம் முதல் அலகு 1983 ஜூலை 2 அன்றுதான் தொடர்வினையை எட்டியது. நியமனத்திலிருந்து பதினாறு வருஷம். இரண்டாவது அலகு 1985 ஆகஸ்டில். நீண்ட தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1967இல் வெளிநாட்டு வரைபடத்துக்கும் வெளிநாட்டு ஆலைக்கும் கைநீட்டியிருந்தால் 1974-க்குப் பிறகு அங்கே பாதியில் நின்ற காங்கிரீட்தான் இருந்திருக்கும் என்பது என் முடிவு.

மறுபக்கத்தையும் அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்று 1984இல் வகுத்த திட்டம் அவர் தலைமை வகித்த காலத்தது. அந்த ஆண்டு வந்தபோது இலக்கில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டவில்லை. 1998 மார்ச் வரை ஐயாயிரம் கோடிக்கு மேல் செலவாகியும் அந்தத் திட்டத்தின் வழியே கூடுதல் மின்சாரம் கிடைக்கவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். சீனிவாசன் 1990இலேயே ஓய்வுபெற்றுவிட்டார். பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் இலக்கு வகுத்தவர்களில் அவரும் ஒருவர். 2015இல் கிடைத்த பத்ம விபூஷணைப் பற்றி எழுதும்போது இதையும் எழுத வேண்டும்.

இன்னொரு கூட்டத்தின் கதையும் அந்த நாலு வருஷத்துக்குள்தான் இருக்கிறது: சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கத்து மீனவர்கள், விவசாயிகள். அன்றைய செங்கல்பட்டு மாவட்ட அரசிதழ்களையும் நில எடுப்புக் கோப்புகளையும் விட்டுவிட்டு ஒரு நிர்வாகியின் வரலாற்றை முடித்துவிட முடியாது. அந்த வேலை பாக்கி இருக்கிறது.

தாம்பரம் வட்டாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அறுபதுகளின் கடைசியில் கல்பாக்கம் திட்டத்தில் வரைபடக்காரராக, சர்வேயராக, கொள்முதல் பிரிவு குமாஸ்தாவாக இருந்திருக்கலாம். நிலம் கொடுத்த குடும்பமாகவும் இருக்கலாம். பரணில் கிடக்கும் டைரி, கடிதம், நியமன உத்தரவு, இழப்பீட்டு நோட்டீஸ் எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்தில் காட்டுங்கள். முடியாவிட்டால் ஒரு நகலாவது எடுத்து வையுங்கள்.