ராஜாக்கள் அடைத்து வைத்த பிள்ளைகள்

‘உலகத்தின்ர முதல் மொழி எங்கட தமிழ்தான்’ எண்டு யாராவது தொடங்கினால் அந்தக் கதை லேசில் முடியாது. போன கிழமை கம்பஸிலும் இதே வாக்குவாதம்தான். எனக்கு ஒரு எகிப்திய ராஜா ஞாபகம் வந்தார். அவருக்கும் இதே ஆசை இருந்தது. ஆனால் அவரிடம் அதிகாரமும் இருந்தது.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் சாமெத்திக்கஸ் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ராஜா அப்போதுதான் பிறந்த இரண்டு குழந்தைகளை ஒரு இடையனிடம் கொடுத்தாராம். தனிக் குடிசையில் வைத்து ஆட்டுப்பால் பருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவரும் ஒரு சொல் கதைக்கக் கூடாது. இரண்டு வருசம் கழித்து ஒருநாள் இடையன் கதவைத் திறக்க, இரண்டு பேரும் கையை நீட்டி ‘பெக்கோஸ்’ என்றார்கள். விசாரித்துப் பார்த்தால் பிரிஜிய மொழியில் அது பாண். உடனே, எகிப்தியரை விடப் பிரிஜியர்தான் பழைய இனம் என்று ராஜா ஒத்துக்கொண்டார். ஆட்டுக் குரலையே கேட்டு வளர்ந்த பிள்ளை ‘பெக்’ எண்டு கத்தினால் அது என்ன பாஷை எண்டு ஊரில ஆடு வளர்க்கிற எந்த அம்மம்மாவும் சொல்லியிருப்பா.

இது வெறும் கட்டுக்கதையாகவும் இருக்கலாம். அக்பர் செய்ததை அப்படித் தள்ளிவிட முடியாது. அவருடைய அரசவையிலிருந்த அபுல் ஃபசல், பதாயூனி இரண்டு பேருமே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் அக்பரைப் புகழ்ந்து தள்ளியவர், மற்றவர் ரகசியமாகத் திட்டி எழுதியவர். கேட்டால்தான் பேச்சு வரும் என்பது அக்பரின் எண்ணம். அதை நிரூபிக்க, ஊரை விட்டுத் தள்ளி ஒரு வீடு கட்டி, பச்சைக் குழந்தைகளை அதில் விட்டார். சுமார் 20 பேர் என்கிறார் பதாயூனி. தாதிமார் வாய் திறக்கத் தடை. சனம் அந்த வீட்டுக்கு ‘குங் மஹல்’, அதாவது ஊமை மாளிகை, என்று பேர் வைத்தது. 1582இல் அக்பர் போய்ப் பார்த்தபோது ஒரு பிள்ளையும் கதைக்கவில்லை.

அக்பர் நினைத்தது சரி. ஆனால் அதை நிரூபிக்க எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை போனது? சிலர் அங்கேயே செத்துப்போனதாகப் பதாயூனி எழுதுகிறார். ராஜாவின் பேர் எங்களுக்குப் பாடமாக்கித் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் பேரும் எங்களுக்குத் தெரியாது.

ஒரு மொழி எப்படிப் பிறக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கண்ணால் கண்டது 20ஆம் நூற்றாண்டில், மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவாவில். அங்கே யாரும் யாரையும் அடைத்து வைக்கவில்லை. அதுவரை காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டோடுதான் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் விளங்குகிற கொஞ்சச் சைகை. 1977இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு பள்ளிக்கூடம் சுமார் 50 பிள்ளைகளோடு தொடங்கியது. 1979 புரட்சிக்குப் பிறகு இன்னொன்றும் வந்தது. 1983 அளவில் இரண்டிலுமாக 400க்கு மேல். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அது பெரிதாக ஏறவில்லை. ஆனால் பள்ளி முற்றத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் கையாலேயே கதைத்துத் தள்ளினார்கள். பெரியாக்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1986இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை அழைத்துத்தான் காட்டினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம், பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் செய்த வேலை. ஒரு பொருள் உருண்டு இறங்குவதைச் சொல்ல, முதலில் வந்த பெரிய பிள்ளைகள் கையை உருட்டிக்கொண்டே கீழே கொண்டுபோவார்கள், நாங்களும் செய்வது மாதிரி. சின்னதுகள் அதை ‘உருளுதல்’, ‘இறங்குதல்’ என்று இரண்டு சைகையாகப் பிரித்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தார்கள். படம் வரைவது போலிருந்த சைகை அப்படித்தான் சொற்களாக உடைந்தது. 2004இல் வெளிவந்த ஆய்வொன்று இதைப் பதிவு செய்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது கதைக்க இன்னும் கொஞ்சப் பிள்ளைகள்.

குங் மஹலிலும் பிள்ளைகள் கூட்டமாகத்தான் இருந்தார்கள். ஊமைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் அங்கே கேட்கவில்லை என்று அபுல் ஃபசல் எழுதுகிறார். அவர்களுடைய கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அவர் எழுதவில்லை.