வாளும் திருநீறும்

அறத்தின் பொருட்டு ஆயுதம் ஏந்திய வீரரைப் போற்றாத சமுதாயம் உலகில் அரிது. ஜொகூர்த் தோட்டப்புறங்களில் குடியேறிய தமிழர், முனீசுவரரையும் மதுரை வீரனையும் காவல் தெய்வங்களாக வணங்கினர். மேலைநாட்டுக் காவியங்களோ, சார்லமேன் பேரரசனின் பன்னிரு வீரரைப் 'பாலடின்' எனப் புகழ்ந்தன. ஆடுவோர் கதைமாந்தராகவே மாறி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் தோன்றியது. 1975இல் அதில் பாலடினும் இடம்பெற்றான். அக்கால விதிப்படி, நெறி தவறினால் அவன் தன் தனியாற்றலை இழந்தான். தேவைக்கு மிஞ்சிய செல்வத்தையும் வழங்கிவிட வேண்டியிருந்தது.

இவ்விதி தமிழர்க்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருநீடூர் முனையடுவார் நாயனார் போரில் தோற்றோர்க்காகக் கூலி பெற்றுப் போரிட்டு, அப்பொருளை அடியார்க்கே ஈந்தார். ஆயினும், பரஞ்சோதியாரின் வரலாறு இதனினும் ஆழமான வினாவை எழுப்புகின்றது.

திருச்செங்காட்டங்குடியில் பிறந்த பரஞ்சோதியார் மருத்துவ நூல்களும் வடநூல்களும் படைக்கலப் பயிற்சியும் கற்றவர். தம் மன்னனுக்காக வாதாபியை அழித்து, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கவர்ந்து வந்தார். அம்மன்னனின் பெயரைச் சேக்கிழார் குறிப்பிடவில்லை. 642ஆம் ஆண்டளவில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை வென்று வாதாபியைக் கைப்பற்றினான். அப்போரே இது என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு.

வென்று வந்த தளபதியை மீண்டும் போருக்கு அனுப்புவதே வேந்தர் இயல்பு. இம்மன்னனோ, அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்ததும் அஞ்சினான். அடியவரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என வருந்திப் பொறுத்தருள வேண்டினான். தம் உரிமைத் தொழிலையே செய்ததாகவும் அதில் தீங்கில்லை எனவும் பரஞ்சோதியார் கூறியும், மன்னன் மனம் அமையவில்லை. பெருநிதி அளித்து, அவர் விரும்பிய திருத்தொண்டினைச் செய்யுமாறு வேண்டி விடைகொடுத்தான்.

ஊர் திரும்பிய தளபதி, நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணும் நோன்பினை மேற்கொண்டார். பேரரசின் தலைநகரை வீழ்த்தியவர் 'சிறுத்தொண்டர்' எனப் பெயர் பெற்றார். சம்பந்தரும் தம் பதிகத்தில் அவரைப் பாராட்டியுள்ளார்.

சிறுத்தொண்டர் என்றவுடன் பிள்ளைக்கறிச் சோதனையே பலர் நினைவிற்கு வரும். அதற்கு முன் நிகழ்ந்த இந்த விடைபெறல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போர்முனையில் வீரன் அறம் பிறழ்ந்தானா என்பதையே விளையாட்டின் அவ்விதி ஆராய்ந்தது. அவனை அங்கு அனுப்பியது அறமா எனத் தன்னையே வினவியவன் சேக்கிழார் காட்டும் மன்னன். வெற்றி விழாவின் நடுவே அவ்வினா எழுந்ததாலன்றோ, ஒரு தளபதி தொண்டராக வாழும் வழி திறந்தது!