மெர்டேக்கா விளையாட்டரங்கம், கோலாலம்பூர்

மலேசியத் தலைநகரான கோலாலம்பூரில், 1957 முதல் 1998இல் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் திறக்கப்பட்ட காலம்வரை, அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தின் தலைமைக் களமாக விளங்கியது மெர்டேக்கா விளையாட்டரங்கம். 'மெர்டேக்கா' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சுதந்திரம் என்பது பொருள். மகிமையும் செல்வமும் உடையவன் என்ற கருத்துள்ள 'மகர்த்திக' என்னும் சமஸ்கிருதப் பதமே அதன் மூலம் என்பர்.

மலாயாவின் முதன்மந்திரியாகவும் கால்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் ஒருங்கே இருந்த துங்கு அப்துல் ரஹ்மான், பிறக்கப்போகும் தேசத்தின் பிரகடனத்துக்கு ஓர் ஆட்டக்களமே உகந்த இடமெனக் கருதினார். அரசாங்கப் பொதுப்பணி இலாகாவின் ஸ்டான்லி ஜூக்ஸ் வகுத்த திட்டப்படி, 1956 செப்டம்பரில் தொடங்கிய வேலை ஓராண்டுக்குள் நிறைவெய்தியது. இருபதாயிரம் பேர் அமரத்தக்க அவ்வரங்கம் 1957 ஆகஸ்டு 30இல் திறக்கப்பட்டது. மறுநாட் காலை, கூடியிருந்த ஜனத்திரளின் முன் துங்கு கையுயர்த்தி 'மெர்டேக்கா' என்று ஏழு முறை முழங்கினார். 1963 செப்டம்பர் 16இல் மலேசியக் கூட்டரசும் இங்கேயே பிரகடனம் செய்யப்பட்டது.

சுதந்திர ஆண்டிலேயே தொடங்கிய மெர்டேக்கா கால்பந்துப் போட்டி, ஆசிய நாடுகளின் அணிகளை ஆண்டுதோறும் இப்புல்தரைக்கு அழைத்து வந்தது. 1959இலும் 1964இலும் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1975 மார்ச் 15இல் இதே தரையில்தான், தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்ஸ் இடம்பெற்ற இந்திய ஹாக்கி அணி, பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று உலகக் கோப்பையைக் கைக்கொண்டது. அவ்வாண்டு ஜூலையில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுகள் பொருதி வென்றதும் இங்கேதான்.

ஆயினும் தமிழர் நெஞ்சில் இவ்வரங்கம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகம். மலாயாவில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தோட்டத் தமிழருக்குப் பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. தம்மில் ஒருவன் தேசத்தின் கோலைக் காத்து நிற்பதைக் காண்பது அவர்களுக்குப் பெருமிதமன்றி வேறென்ன? நீண்ட கரங்களால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்ற அவர், சீனரும் மலாய்க்காரரும் சீக்கியரும் தமிழரும் ஒன்றுகூடிய அணியில் நின்று, 1980 ஏப்ரல் 6இல் இவ்வரங்கில் தென்கொரியாவை எதிர்கொண்டார். சக ஆட்டக்காரர் ஹசன் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்த, இரண்டுக்கு ஒன்று என வென்று, மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால், வென்றவர்கள் மாஸ்கோவைக் காணவேயில்லை. இது வருந்தத்தக்க முடிவு. 1988இல் சாலை விபத்தொன்றில் ஆறுமுகம் தம் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

காலப்போக்கில் இருக்கைகள் நாற்பத்தையாயிரமாகப் பெருக்கப்பட்டன. 1990களில் அரங்கத்தை அகற்றி வாணிபக் கட்டடங்கள் எழுப்பும் திட்டமொன்று உருவாயிற்று. 1997இன் பொருளாதார நெருக்கடி அதைத் தடுத்து நிறுத்திற்று. 2003இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின், பிற்காலத்துச் சேர்க்கைகளை நீக்கி, சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி 1957ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கே அதை மீட்டனர். அதிக இருக்கைகளைத் துறந்து பழைய வடிவை நாடிய அம்முடிவு மிகவும் போற்றத்தக்கது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. 118 மாடிகளுடைய மெர்டேக்கா கோபுரம் இன்று அதன் அருகே நிற்கிறது.