பசுங்கணிகம் சொல்லும் ஊர்: பனியுகமும் ஐரோப்பிய ஓக் மரங்களின் இனக்கலப்பும்

மேற்கு ஐரோப்பியக் காடுகளில் இரண்டு ஓக் இனங்கள் அருகருகே வளர்கின்றன. குவெர்கஸ் ரோபர் மரத்தில் கொட்டை நீண்ட காம்பில் தொங்கும். இலைக்காம்போ கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு குட்டை. குவெர்கஸ் பெட்ரேயாவில் இது தலைகீழ்: கொட்டை கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இலைக்காம்பு நீளமாக இருக்கும். முன்னது ஈரம் தங்கும் மண்ணையும் தாங்கும். பின்னதற்கு நீர் வடியும் நிலம் வேண்டும். இவை தமக்குள் கலப்பதும் உண்டு. இந்தக் கலப்பை வகைப்பாட்டியலார் நெடுங்காலம் ஒரு தொல்லையாகவே கண்டனர். அது தொல்லையன்று, இடப்பெயர்ச்சிக்கு ஒரு வழி என்பது பனியுக வரலாற்றைத் துருவியபோதுதான் தெரியவந்தது.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியா பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. ஓக் மரங்கள் பெரும்பாலும் ஐபீரியா, இத்தாலி, பால்கன் ஆகிய தென் தீபகற்பங்களில் ஒண்டியிருந்தன. பனி விலகியபின் அவை வடக்கே எப்படித் திரும்பின? 1899இல் பிரிட்டிஷ் நிலவியலாளர் கிளெமென்ட் ரீட் ஒரு கணக்குப் போட்டார். கொட்டை தாய்மரத்தடியில்தான் விழும். வெளியுதவி இல்லையெனில், பிரிட்டனின் வடகோடியை எட்ட ஓக்கிற்குப் பத்து லட்சம் ஆண்டுகள்போல ஆகும். பறவைகளே தூக்கிச் சென்றிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1916இல் சுவீடன் நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட், சதுப்புநிலப் படிவுகளில் அடுக்கடுக்காகத் தங்கிய மகரந்தத்தூள்களை எண்ணிப் பழைய காடுகளை மீட்டுரைக்கும் முறையை முன்வைத்தார். அம்முறை வளர்ந்து தந்த விடை வியப்பானது: சில இடங்களில் ஓக் ஆண்டுக்கு 500 மீட்டர் வரை முன்னேறியிருக்கிறது, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய எல்லையில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. குளிர்காலத்துக்கென்று கொட்டைகளை மண்ணில் புதைத்துவைத்துச் சிலவற்றை எடுக்காமல் விட்டுவிடும் ஜே பறவைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அது காக்கைக் குடும்பத்துப் பறவை.

மகரந்தத்தூளுக்கு ஒரு குறை உண்டு. நுண்ணோக்கியில் அது ‘ஓக்’ என்று மட்டுமே சொல்லும். ரோபரா பெட்ரேயாவா என்று சொல்லாது. அந்த இடத்தில்தான் பசுங்கணிக மரபணு துணைக்கு வந்தது. ஓக்கில் பசுங்கணிகம் தாய்வழியாக மட்டுமே இறங்கும். மகரந்தம் காற்றில் எங்கு பறந்தாலும் பசுங்கணிகத்தைச் சுமப்பதில்லை. கொட்டை போன தடமே அதன் தடம். பிரான்ஸின் ரெமி பெத்தியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2,600க்கு மேற்பட்ட ஓக் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, 2002இல் ஐரோப்பா முழுமைக்குமான வரைபடத்தை வெளியிட்டனர். மேற்கே ஐபீரிய வழி, நடுவே இத்தாலிய வழி, கிழக்கே பால்கன் வழி என்று தடங்கள் துலங்கின. ஆனால் ஒரே காட்டில் நிற்கும் ரோபரும் பெட்ரேயாவும் பெரும்பாலும் ஒரே வகைப் பசுங்கணிகத்தையே கொண்டிருந்தன. இனத்துக்கு ஒன்று என்றில்லாமல், இடத்துக்கு ஒன்று!

இதற்குப் பெத்தி குழுவினர் 2004இல் தந்த விளக்கம் அழகானது. வெட்டவெளியில் முதலில் வேரூன்றுவது ரோபர். பின்தங்கிய பெட்ரேயாவின் கொட்டை வந்துசேருமுன் அதன் மகரந்தம் காற்றில் வந்துவிடுகிறது. ரோபர் தாய்க்குக் கலப்பினக் கன்று பிறக்கிறது. அதன்மேல் மீண்டும் பெட்ரேயா மகரந்தம், அடுத்த தலைமுறையிலும் அதுவே. சில தலைமுறைகளில் உருவத்திலும் உட்கரு மரபணுவிலும் ஏறக்குறைய முழுப் பெட்ரேயாவாகவே ஒரு மரம் நிற்கும்; பசுங்கணிகம் மட்டும் ரோபருடையது. கொட்டை வராமலே ஓர் இனம் குடியேறிவிடுகிறது.

இவ்வளவு கலந்தும் இனங்கள் ஏன் கரைந்துபோகவில்லை? இன்னும் முழுமையாகப் பிரியாத இனங்கள் இவை என்ற கருத்தும் இருந்தது. 2017இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வேறுவிதமாகக் காட்டியது: இவ்விரண்டு உட்பட ஐரோப்பிய வெள்ளை ஓக்குகளில் நான்கு இனங்கள் நெடுங்காலம் தனித்திருந்து, அண்மையில்தான், பெரும்பாலும் கடைசிப் பனியுகத்துக்குப் பின், மறுபடி கலக்கத் தொடங்கின. மண், ஈரம் சார்ந்த தேர்வு ரோபரையும் பெட்ரேயாவையும் இன்றளவும் பிரித்துவைக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பசுங்கணிக வரைபடத்துக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. ஒயின் பீப்பாய்க்கான பலகை மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்ததா, கிழக்கிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க மரத்தில் எஞ்சிய பசுங்கணிக மரபணு உதவுகிறது. பீப்பாய் செய்பவருக்கோ அது எந்த இனம் என்பதும் தெரிய வேண்டும். மணம் மிகுந்தது பெட்ரேயா, துவர்ப்பு மிகுந்தது ரோபர். அதைப் பசுங்கணிகத்திடம் கேட்டுப் பயனில்லை.