தோல் வாரும் லாரி பெல்ட்டும்

1986ஆம் ஆண்டுக் கோடையில், சேலத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் எங்கள் கல்லூரி நூல்நிலையத்துக்கென வாங்கிய பதினொரு பெட்டிகளை ஒரு டீசல் லாரியில் ஏற்றிக்கொண்டு, இரவு ஒன்பது மணியளவில் தருமபுரிக்குப் புறப்பட்டேன். லாரி மிகப் பழையது. அதிலிருந்த டைனமோவைக் கழற்றிவிட்டு, பிற்காலத்து ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். நானோ சரித்திரம் போதிப்பவன். இயந்திரப் புரட்சியைப் பற்றி மாணவர்களுக்கு மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு ஸ்பானரைக் கையில் எடுத்ததில்லை.

தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தை நெருங்குமுன்பே, ஈரத்துணியைக் கல்லில் அறைவது போன்ற ஓசை முன்புறத்திலிருந்து எழலாயிற்று. இடையிடையே கிறீச்சென்று ஓர் அலறல். அப்போதெல்லாம் முன்விளக்குகளின் ஒளி மங்கும். ஐம்பது வயதைக் கடந்தவரான ஓட்டுநர் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினார்.

"பெல்ட் தளர்ந்துபோச்சு, சார். இப்படியே மேடு ஏறினா எஞ்சின் வெந்துடும்."

"விளக்கு அணைந்துவிட்டால் அல்லவா ஆபத்து, அண்ணே?" என்று கேட்டேன்.

"விளக்கு போனா கண்ணுக்குத் தெரியும், நிறுத்திடுவேன். தண்ணி ஓடலேன்னா எப்படித் தெரியும்? சூடு காட்டுற முள்ளு செத்து ஒரு மாசமாச்சு."

அவர் சொன்னதில் அடங்கியிருந்த விஞ்ஞானம் அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த வண்டியில் ஆல்டர்னேட்டரையும், ரேடியேட்டர் நீரை எஞ்சினுள் சுற்றிவரச் செய்யும் பம்பையும், விசிறியையும் ஒரே பெல்ட்தான் சுழற்றியது. பெட்ரோல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டும். பேட்டரி வற்றினால் அது தானே நின்றுவிடும். டீசல் எஞ்சின் அப்படியன்று. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினின் தத்துவமே, காற்றை மிகுதியாக அழுத்தி, அந்த வெப்பத்திலேயே எண்ணெயை எரியச் செய்வது. மின்சாரம் இல்லையென்றாலும் அது ஓடும். நீரோட்டம் நின்றாலும் ஓடும். தன்னைத்தானே பொசுக்கிக்கொள்ளும் வரையில் ஓடும். பெல்ட் தளர்ந்த லாரியை மேட்டில் ஏற்ற அவர் அஞ்சியதன் காரணம் இதுவே.

கிளீனர் பையன் விளக்கைப் பிடித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னான். பெல்ட்டின்மேல் கொஞ்சம் பிசின் தடவினால் பிடித்துக்கொள்ளாதா என்றான். "அது ரைஸ் மில்லு வைத்தியம்டா. தூசியும் மண்ணும் ஒட்டி பெல்ட்டைத் தின்னுடும்" என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். எனக்கோ அந்தச் சொல்லில் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் கேட்டது.

இளமையில் எங்கள் ஊர் அரிசி ஆலையில் நின்று வேடிக்கை பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆயில் எஞ்சினிலிருந்து அரைவை இயந்திரம் வரையில் நீண்ட தட்டைப் பட்டை ஒன்று ஓடும். தளர்ந்தால் இதே போலத்தான் அறையும். உலகின் பெரும் ஆலைகள் யாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இயங்கின. ஆற்று நீரோ நீராவியோ ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். அச்சுழற்சியைக் கூரையை ஒட்டிச் செல்லும் தண்டுகள் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து நூற்றுக்கணக்கான வார்கள் கீழிறங்கி ஒவ்வொரு தறியையும் ஓட்டும். இங்கிலாந்தின் தொடக்க கால நூலாலைகளில் பிரதான ஓட்டத்துக்கு இரும்புப் பற்சக்கரங்களையே நம்பினார்கள். அமெரிக்காவின் லோவெல் நகரில் பால் மூடி என்னும் இயந்திர வல்லுநர் 1828இல் அவற்றுக்குப் பதிலாகத் தோல் வார்களைப் புகுத்தினார். பற்சக்கரத்துக்குச் செம்மையான வார்ப்பும் கடைசலும் வேண்டும். அத்தகைய தொழிலாளர் அந்நாட்டில் அன்று குறைவு. தோலோ எங்கும் கிடைத்தது. மேலும், வாரில் ஓசை குறைவு. இயந்திரம் எங்கேனும் சிக்கிக்கொண்டால் பற்சக்கரத்தில் பல் முறியும். வார் வழுக்கும், அவ்வளவே. வழுக்குவது வாரின் குறை மட்டுமன்று, அதன் நற்குணமும் அதுவே.

ஆனால் அந்த வார்கள் மனிதரையும் வாங்கிக்கொண்டன. முடியோ முந்தானையோ சிக்கினால் தண்டு விடாது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1844இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், தண்டுகளுக்கும் கப்பிகளுக்கும் அரண் அமைக்க வேண்டுமென்றும், அவை ஓடும்போது சிறுவர்களைத் துடைக்க விடலாகாதென்றும் விதித்ததற்குப் பின்னால் எத்தனையோ விரல்களும் கைகளும் இருந்தன. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தாமல் மூடியைத் திறக்கவில்லை என்பதையும், கிளீனரின் தோளில் தொங்கிய துண்டை முதலில் அகற்றச் சொன்னதையும் நான் அப்போது கவனித்தேன். அவர் அச்சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

கப்பிகளுக்கு இடையே பெல்ட் நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் அவர் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் இறங்க வேண்டிய பெல்ட் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கிற்று. பிறகு அதைத் திருப்பி அடிப்பக்கத்தையும் விளக்கொளியில் பார்த்தார். "அடி மினுமினுன்னு இருந்தா பெல்ட் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இது பரவாயில்லை" என்றார்.

அடிப்பக்கம் மினுமினுக்கக் கூடாது என்பது ஏன்? இங்கே பெல்ட்டின் வடிவத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கப்பியைச் சுற்றிய கயிறு எவ்வளவு பிடிக்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்னும் கணித மேதை ஆராய்ந்திருக்கிறார். உராய்வு மிக மிகவும், கயிறு கப்பியைத் தழுவும் வளைவு மிக மிகவும், பிடிப்பு பன்மடங்காகப் பெருகும். மோட்டார் வண்டியிலோ இடம் குறைவு, கப்பிகள் சிறியவை, தழுவும் வளைவும் சிறிதே. தட்டை வாரை மிக இறுக்கினாலன்றி அது பிடிக்காது; மிக இறுக்கினால் பேரிங் தேயும். ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற டி மாடல் காரில் தொடக்கத்தில் விசிறியைச் சுழற்றியது ஒரு தட்டைத் தோல் வார்தான். 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் துணியும் கொண்டு, மேலே அகன்று கீழே குறுகிய பெல்ட்டை ஆக்கினார். அது கப்பியின் பள்ளத்தில் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கி, இரு பக்கச் சுவர்களையும் நெருக்கும். பள்ளத்தின் கோணம் 40 பாகையானால், அதே உராய்வுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு பிடிப்புக் கிடைக்கும். பக்கங்கள் தேய்ந்து, பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு ஆப்பாக இராது. பழைய தட்டை வாராகிவிடும். அதன் அடையாளமே அந்த மினுமினுப்பு. அந்த நிலைக்கு வந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஆல்டர்னேட்டரின் வருகை பெல்ட்டின் சுமையைக் கூட்டிற்று. 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்ததிலிருந்து, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோ இன்றியமையாததாயிற்று. எஞ்சின் மெல்ல ஓடுகையில் டைனமோ மிகக் குறைவாகவே மின்சாரம் தரும். சிலிக்கன் டயோடுகள் கைகூடிய பின்னர், 1960ஆம் ஆண்டு மாடலாக வந்த கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் இடம்பெற்றது. நம் நாட்டிலும் 1961இல் சென்னைப் பாடியில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். போன்ற நிறுவனங்களால் அது பரவலாயிற்று. ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுழல வேண்டும் என்பதற்காக அதன் கப்பியைச் சிறிதாக வைப்பார்கள். கப்பி சிறிதானால் தழுவும் வளைவும் குறையும். ஆகவே தளர்ந்த பெல்ட் முதலில் வழுக்குவது அங்கேதான். விளக்குகளைப் போட்டுச் சுமை ஏறியதும் அது அலறியதன் காரணமும் அதுவே.

ஓட்டுநர் மேலே நீள்துளை கொண்ட இரும்புக் கையின் போல்ட்டைத் தொட்டதும் சிரித்துவிட்டார். போல்ட் விரலாலேயே சுழன்றது; அதன்கீழ் இருக்க வேண்டிய வாஷரைக் காணோம். எவரோ அவசரத்தில் விட்டுவிட்டிருக்கிறார்கள். ஒன்றரை ரூபாய்கூடப் பெறாத வளையம் அது. என் பதினொரு பெட்டிகளும், எஞ்சினும், அடுத்த மாதம் கட்ட வேண்டிய லாரிக் கடன் தவணையும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய தகர டப்பாவிலிருந்து தடித்த வாஷர் ஒன்றை எடுத்துப் போட்டார். கீழே ஆல்டர்னேட்டர் ஆடும் முளை போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினார். ஜாக்கி லிவரை என் கையில் தந்து, "முன்பக்கம் கெட்டியான இடத்துல முட்டுக்கொடுத்து நெம்புங்க, சார், பின்னாடி மெல்லிசு, உடைஞ்சுடும்" என்றார்.

நெம்பினேன். பெல்ட் விறைத்து நிமிர்ந்தது. என் உற்சாகத்தில் இன்னும் நெம்பினேன். "போதும், போதும்! பேரிங் அழும்" என்று தடுத்து, சிறிது விடச் சொன்னார். மேல் போல்ட்டை முதலிலும், கீழ் முளையைப் பின்னும் முறுக்கினார். கட்டைவிரலை வைத்தார், அரை அங்குலம். நானும் வைத்துப் பார்த்தேன். ஆய்லரின் கணக்கைப் பின்னர் நூலில் படித்தேன். ஆனால் இறுக்கத்தின் அளவை நான் அறிந்தது அந்த விரலில்தான்.

எஞ்சினைக் கிளப்பியபோது அறைதல் இல்லை. மேட்டின் பாதியில் மறுபடியும் நிறுத்தி, எஞ்சினை அணைத்த பின், ஆல்டர்னேட்டரின் கப்பியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழுக்கும் பெல்ட் கப்பியைச் சுட வைக்குமாம். இளஞ்சூடுதான் இருந்தது. பெல்ட் மட்டும் சிறிது இளகியிருந்தது. "கூடவே ஒரு பல்லு இறுக்கணும்" என்று அவர் போல்ட்டைத் தளர்த்த, லிவரை இம்முறை கேளாமலேயே நான் எடுத்துக்கொண்டேன்.